ஆகாயத்தில் பறந்தவர் கோட்டை விட்டாரா?

வீட்டிலோ ஆபீசிலோ கம்ப்யூட்டர் பார்த்திருப்பீர்கள். விண்டோஸ் உள்ள கம்ப்யூட்டரில் முதல் டிஸ்க்குக்கு ‘சி’ என்று பெயர். அப்படியானால் ‘ஏ’ எங்கே? ‘பி’ எங்கே போயிற்று?

இந்தச் சின்னக் கேள்விக்குப் பின்னால் ஒரு மனிதரின் வாழ்க்கை மறைந்திருக்கிறது. அவர் பெயர் கேரி கில்டால்.

மாலுமி வீட்டுப் பிள்ளை

கில்டால் 1942-ம் ஆண்டு மே மாதம் 19-ந் தேதி, அமெரிக்காவில் சியாட்டில் நகரில் பிறந்தார். கப்பல் ஓட்டுகிறவர்களுக்குத் திசை அறியும் வித்தையைக் கற்றுக் கொடுக்கும் பள்ளிக்கூடம் ஒன்றை அவருடைய குடும்பத்தார் நடத்தி வந்தார்கள்.

கணக்கு வாத்தியார் ஆக வேண்டும் என்பது கில்டாலின் ஆசை. அதற்காகவே வாஷிங்டன் சர்வகலாசாலையில் சேர்ந்தார். அங்கே கம்ப்யூட்டரைக் கண்டார். அவ்வளவுதான், பிறகு மனம் வேறு எதிலும் செல்லவில்லை.

பள்ளிக்கூட நாளிலேயே பழகிய டோரதியை மணந்து கொண்டார். கடற்படையில் சேவை செய்ய வேண்டி வந்தது. போர்க்கப்பலுக்குப் போகவில்லை. கலிபோர்னியா மாகாணத்தில், மான்டெரே என்ற கடற்கரை ஊரில் உள்ள கடற்படைக் கல்லூரியில் ஆசிரியர் ஆனார். 1972-ல் டாக்டர் பட்டமும் பெற்றார்.

காரியஸ்தர் பிறந்தார்

அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் ஓர் அறையையே அடைத்துக் கொள்ளும். விலையோ யானை விலை. 1971-ல் இன்டெல் கம்பெனி, கம்ப்யூட்டரின் மூளையை நகத்தளவு சில்லு ஒன்றில் அடக்கி விற்பனைக்குக் கொண்டு வந்தது. கில்டால் அந்தச் சில்லை வாங்கி வைத்துக் கொண்டு ஓயாமல் சோதனை செய்தார்.

மூளை மட்டும் இருந்தால் போதுமா? எழுதியதைச் சேர்த்து வைக்க இடம் வேண்டாமா? அதற்கு பிளாப்பி டிஸ்க் என்ற காந்தத் தகடு வந்திருந்தது. ஆனால் சில்லையும் தகட்டையும் இணைத்து வேலை வாங்க ஆள் இல்லை.

ஒரு பெரிய பண்ணையை நினைத்துக் கொள்ளுங்கள். நெல் எந்தக் குதிரில் இருக்கிறது, யாருக்கு எவ்வளவு அளக்க வேண்டும் என்பதெல்லாம் காரியஸ்தருக்குத்தான் தெரியும். அவர் இல்லாவிட்டால் பண்ணை நடக்காது. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் காரியஸ்தருக்குத்தான் ஆபரேட்டிங் சிஸ்டம் என்று பெயர். 1974-ல் கில்டால் அப்படி ஒரு காரியஸ்தரை எழுதி முடித்தார். ‘சிபி/எம்’ என்று பெயர் வைத்தார்.

முதல் பிளாப்பிக்கு ‘ஏ’, இரண்டாவதற்கு ‘பி’ என்று பெயர். பிற்காலத்தில் பெட்டிக்குள்ளேயே பெரிய டிஸ்க் வந்தபோது அதற்கு ‘சி’ என்ற எழுத்து கிடைத்தது. பிளாப்பிகள் மறைந்து விட்டன. ‘சி’ மட்டும் நிலைத்து விட்டது!

கில்டால் இன்னொரு யுக்தியும் செய்தார். யந்திரத்துக்கு யந்திரம் மாறுகிற பகுதியை மட்டும் தனியே பிரித்து, ‘பயாஸ்’ என்று பெயரிட்டார். புதிய கம்ப்யூட்டர் வந்தால் அந்தச் சிறு பகுதியைத் திருத்தினால் போதும். மற்றதெல்லாம் அப்படியே ஓடும். வெவ்வேறு கம்பெனிகளின் கம்ப்யூட்டர்கள் ஒரே காரியஸ்தருக்குக் கட்டுப்பட்டன. கடிதம் எழுத உதவும் வேர்ட்ஸ்டார் போன்ற சாப்ட்வேர்கள் ஊரெங்கும் பரவ இதுவே வழி செய்தது.

இன்டெல் கம்பெனி சிபி/எம்மை விற்க ஆர்வம் காட்டவில்லை. கணவனும் மனைவியும் சேர்ந்து டிஜிட்டல் ரிசர்ச் என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். அவர் எழுதினார். வியாபாரத்தை டோரதி கவனித்தார். பணம் குவிந்தது.

அந்த ஒரு நாள்

1980-ல் ஐபிஎம் கம்பெனி சிறிய கம்ப்யூட்டர் செய்ய முடிவு செய்தது. அதற்கு ஒரு காரியஸ்தர் தேவை. மைக்ரோசாப்ட் கம்பெனியின் பில் கேட்ஸ், கில்டாலிடம் போகும்படி சொல்லி அனுப்பினார்.

ஐபிஎம் ஆட்கள் வந்த போது கில்டால் இல்லை. டோரதிதான் வரவேற்றார். ரகசியம் காக்கும் பத்திரம் ஒன்றில் உடனே கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அதன் நிபந்தனைகள் கடுமையாக இருந்ததால் டோரதி தயங்கினார். பிறகு நடந்த பேச்சைப் பற்றி இரு தரப்பாரும் ஒரே மாதிரி சொல்லவில்லை. பேரம் மட்டும் படியவில்லை.

மைக்ரோசாப்ட் சும்மா இருக்குமா? சியாட்டிலில் இருந்த ஒரு சிறு கம்பெனியிடமிருந்து, சிபி/எம்மை ஒட்டி எழுதப்பட்ட வேறொரு சாப்ட்வேரை வாங்கித் திருத்திக் கொடுத்தது. சாயலைக் கண்டு கில்டால் கொதித்தார். ஆனால் அன்று இந்த விஷயத்தில் சட்டம் தெளிவாக இல்லை. அவர் கோர்ட்டுக்குப் போகவில்லை. சிபி/எம்மையும் சேர்த்து விற்பதாக ஐபிஎம் ஒப்புக் கொண்டது. விற்பனைக்கு வந்த போது மைக்ரோசாப்டினுடைய விலை 40 டாலர். கில்டாலினுடைய விலை 240 டாலர். ஜனங்கள் எதை வாங்குவார்கள்?

தீராத மனக்குறை

அன்று கில்டால் ஆகாய விமானத்தில் உல்லாசமாகப் பறந்து கொண்டிருந்தார், அதிர்ஷ்டம் வாசலுக்கு வந்தும் கோட்டை விட்டார் என்று ஒரு கதை கிளம்பியது. விமானத்தை அவர் ஓட்டிச் சென்றது உண்மை. ஆனால் உல்லாசத்துக்கு அல்ல. வாடிக்கைக்காரர் ஒருவரைப் பார்க்க, தொழில் விஷயமாகவே சென்றிருந்தார்.

அவர் ஏழையாகி விடவில்லை. 1985-ல் கலைக்களஞ்சியம் ஒன்றை முழுவதுமாக ஒரே ‘சிடி’ தட்டில் கொண்டு வந்த முயற்சியிலும் அவர் முன்னின்றார். 1983 முதல் 1990 வரை டெலிவிஷனில் கம்ப்யூட்டர் பற்றிய நிகழ்ச்சியில் பங்கேற்று, புதிய சாப்ட்வேர்களை ஜனங்களுக்கு விளக்கிச் சொன்னார். 1991-ல் கம்பெனியை விற்று விட்டார்.

1992-ல் அவர் படித்த சர்வகலாசாலையின் கம்ப்யூட்டர் பிரிவு விழா எடுத்தது. அவருக்கு அழைப்பு வந்தது. ஆனால் முக்கியப் பேச்சாளர் பில் கேட்ஸ்! அந்த மனவேதனையில் கில்டால் தம் நினைவுகளை எழுதத் தொடங்கினார். அதன் ஒரு பகுதி 2016-ல்தான் வெளியாயிற்று.

அதைப் பார்க்க அவர் இல்லை. மான்டெரேயில் தலையில் காயம் பட்டு, 1994 ஜூலை 11-ந் தேதி காலமானார். அப்போது வயது 52.

அவர் கம்பெனி இருந்த பழைய வீட்டில், 2014-ல் எஞ்சினியர்கள் சங்கத்தார் அவர் சாதனையைப் பொறித்த பலகையைப் பதித்தார்கள். அந்தப் பலகையைப் பார்க்க நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம். ‘சி’ என்ற எழுத்தைப் பார்க்கும் போது, அதற்கு முன் இருந்த ‘ஏ’யையும் ‘பி’யையும் நினைத்துக் கொண்டாலே போதும். கோட்டை விட்டவர் அல்ல கில்டால். கோட்டைக்கு அடித்தளம் போட்டவர்.