இதயத்தை எழுத வைத்தவர்

மருத்துவமனையில் மார்பிலும் கை கால்களிலும் கம்பிகளைப் பொருத்தி, கட்டம் போட்ட தாளில் இ.சி.ஜி. எடுப்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அந்தக் கோடுகளை உலகுக்கு அளித்த பெருமகன் வில்லெம் ஐந்தோவன் ஆவார். அறிவியல் கண்காட்சிக்காக இவரைப் பற்றிப் படித்தபோது நாங்கள் அறிந்தவற்றை இங்கே தருகிறோம்.

ஐந்தோவன் 1860-ஆம் ஆண்டு மே 21-ஆம் நாள், நம் தஞ்சையைப் போலவே நெல் விளையும் சாவகத் தீவில், செமராங் என்னும் ஊரில் பிறந்தார். மருத்துவரான தந்தை, இவருக்கு ஆறு வயதாகும்போது காலமானார். தாய் தம் ஆறு குழந்தைகளுடன் 1870-இல் ஹாலந்து நாட்டின் உட்ரெக்ட் நகரில் குடியேறினார். அங்கே மருத்துவம் பயின்ற ஐந்தோவன், இருபத்தைந்து வயதிலேயே லெய்டன் பல்கலைக்கழகப் பேராசிரியராக நியமிக்கப்பட்டார்.

இதயம் துடிக்கும்போது மிகச் சிறிதளவு மின்சாரம் உண்டாகிறது. அதைத் தெளிவாகக் காட்டும் கருவி அப்போது இல்லை. ஐந்தோவன், உருக்கிய குவார்ட்சை அம்பில் பொருத்தி எய்து, தலைமுடியைவிட மெல்லிய இழையாக்கினார். அதற்கு வெள்ளி பூசி, வலிய மின்காந்தத்தின் நடுவே நிறுத்தினார். இதயத்தின் மின்சாரம் பாய, இழை அசைந்தது. அதன் நிழல் படமாகப் பதிந்தது. 1901-இல் இக்கருவியைப் பற்றி எழுதினார். அதன் எடை சுமார் 270 கிலோ; இயக்க ஐவர் வேண்டும்! நோயாளி கைகளையும் காலையும் உப்புநீர்ப் பாத்திரங்களில் வைத்திருப்பார். 1905-இல், ஒன்றரை கிலோமீட்டர் தொலைவிலிருந்த மருத்துவமனை நோயாளிகளின் துடிப்பையும் கம்பி வழியே பதிவு செய்தார். அலைகளுக்கு அவர் இட்ட பி, க்யூ, ஆர், எஸ், டி என்னும் பெயர்களே இன்றும் வழங்குகின்றன. 1924-இல் நோபல் பரிசு பெற்றார். 1927 செப்டம்பர் 29-இல் மறைந்தார்.

அவர் மறைந்தாலும் அவருடைய கோடுகள் பேசின. 1957-இல் நார்வே நாட்டு மருத்துவர்கள் ஜெர்வெலும் லாங்கே நீல்சனும் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினர். ஆறு குழந்தைகளில் நால்வருக்குக் காது கேளாது. அடிக்கடி மயங்கி விழுவர். மூவர் சிறுவயதிலேயே திடீரென இறந்தனர். இ.சி.ஜி.யில் க்யூ முதல் டி வரையுள்ள இடைவெளி நீண்டிருந்தது. விதைநெல்லின் குணம் பயிருக்கு வருவதுபோல், பெற்றோர் வழியே வந்த குறை அது. இவ்வகையில், தாய் தந்தை இருவரிடமிருந்தும் குறை வந்தால்தான் நோய் முழுமையாகத் தோன்றும். எனவே நெருங்கிய உறவில் மணம் முடிக்கும் நம் பகுதியினர் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

நம் ஊர்களில் ஒரு பெண் மயங்கி விழுந்தால், சாவிக்கொத்தைக் கையில் கொடுப்பார்கள்; பயந்துவிட்டாள் என்று மந்திரிப்பார்கள். காலை வழிபாட்டில் வெயிலில் நின்று மயங்குவது பெரும்பாலும் பசியாலும் களைப்பாலும்தான். ஆனால் ஓடும்போதோ, ஆற்றில் நீந்தும்போதோ, திடீர் மணியோசை கேட்டோ மயங்கினால், அதிலும் குடும்பத்தில் யாரேனும் இளவயதில் திடீரென இறந்திருந்தால், தாமதியாமல் இ.சி.ஜி. எடுக்க வேண்டும். குறை இருந்தால் உடன்பிறந்தோருக்கும் எடுக்க வேண்டும். உரிய மாத்திரைகளால் பல உயிர்களைக் காக்கலாம்.

தந்தையை இழந்த ஒரு சிறுவனின் உழைப்பு எத்தனை வீடுகளின் கண்ணீரைத் துடைக்கிறது! தோழியரே, நாமும் அறியாமையை அகற்றி, பிறர் உயிர் காக்கும் கல்வியைக் கற்போமாக!