குரல் ஓய்ந்த பின்
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

இருபத்தேழு ஆண்டுகளே வாழ்ந்த ஒருவர், இறந்து அரை நூற்றாண்டு கடந்தும் நினைக்கப்படுகிறார் என்றால் அது வியப்பன்றோ? அவர்தாம் அமெரிக்க ராக் இசைப் பாடகர் ஜிம் மாரிசன். அவருடைய வரலாற்றோடு, அவர் மறைந்த பின் தோழர்கள் மூவர் செய்த செயலையும் சேர்த்தே சொல்ல விரும்புகின்றேன்.

1943-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள் ஃபுளோரிடா மாநிலத்து மெல்போர்ன் நகரில் மாரிசன் பிறந்தார். தந்தையார் கடற்படை அதிகாரி. பின்னாளில் அட்மிரலாக உயர்ந்தவர். மகனின் மனமோ கவிதையில் சென்றது. லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக் கழகத்தில் திரைப்படக் கலை பயின்றார். 1965-ஆம் ஆண்டுக் கோடையில் வெனிஸ் கடற்கரையில், உடன் பயின்ற ரே மன்சாரெக்கிடம் தம் பாடல்களைப் பாடிக் காட்டினார். இசைக்குழு ஒன்றுக்கு அங்கேயே வித்திடப்பட்டது. கிதாருக்கு ராபி கிரீகரும், டிரம்ஸுக்கு ஜான் டென்ஸ்மோரும் வந்து சேர்ந்தனர். ஆல்டஸ் ஹக்ஸ்லியின் நூற்பெயரைத் தழுவி 'தி டோர்ஸ்', அதாவது 'கதவுகள்', எனப் பெயரிட்டனர்.

கனவு மயக்கம் போன்ற ஒலிகளைக் கொண்ட சைக்கடெலிக் ராக் இசை அவர்களுடையது. 1967-இல் 'லைட் மை ஃபயர்' அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பெற்றது. புகழெல்லாம் பாடியவரைச் சேர்ந்தது. ஆனால் அப்பாடலின் பெரும்பகுதியை எழுதியவர் கிரீகர்! மேடையில் பேஸ் கிதார் கலைஞர் இல்லாத குறையை, இடக்கையால் தனி விசைப்பலகை வாசித்து நிறைவு செய்தவர் மன்சாரெக்.

புகழோடு குடியும் வளர்ந்தது. 1969-இல் மயாமி மேடையில் ஒழுங்கீனமாக நடந்ததாக வழக்கு. மறு ஆண்டில் தண்டனை. (2010-இல்தான் மாநில அரசு மன்னிப்பு வழங்கியது.) 1971 மார்ச்சில் பாரிஸ் சென்ற மாரிசன், ஜூலை 3-ஆம் நாள் அங்கேயே மறைந்தார். பேர் லாஷேஸ் கல்லறைத் தோட்டத்தில் உறங்குகின்றார்.

அவர் திரும்புவார் என்று எண்ணிப் பாடல்களை உருவாக்கி வந்த மூவரும் என்ன செய்தனர்? மன்சாரெக்கும் கிரீகரும் தாமே பாடினர். 1971 அக்டோபரில் வெளிவந்த அத்தொகுப்புக்கு 'பிற குரல்கள்' என்னும் பொருளில் 'அதர் வாய்சஸ்' என்று பெயரிட்டனர். அது பட்டியலில் 31-ஆம் இடம் வரை வந்தது. 1972-இல் வந்த அடுத்த தொகுப்பு 68-ஆம் இடத்தோடு நின்றது. 1973-இல் குழு கலைந்தது. எனினும், மாரிசன் முன்பு பதிவு செய்திருந்த கவிதைகளுக்கு 1978-இல் மூவரும் மீண்டும் கூடி இசையமைத்தனர்.

மாரிசனின் குரலில் இருந்த ஆழம் மற்ற இருவரிடமும் இல்லை என்பதை ஒப்புக்கொள்கின்றேன். அதற்காக அவர்கள் வாய்மூடி இருந்திருக்க வேண்டுமா? போன குரலைப் போலி செய்யாமல், இது வேறு குரல் என்று தலைப்பிலேயே கூறிவிட்டுப் பாடினார்களே, அந்த நேர்மையை நான் போற்றுகின்றேன்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். வகுப்பில் எழுந்து வினாக் கேட்க நாக்கு எழாத நாள்கள் பல. என் குரல் சிறியதுதான். ஆனாலும் எனக்காக வேறொருவர் பேச முடியாதல்லவா?