ஸர் ஜார்ஜ் தாமஸ் பீட்ஸன்

நோய் தீர்ப்பாருள் இரு திறத்தார் உளர். கண்ட நோய்க்குக் கற்ற மருந்தை அளித்து அமைபவர் ஒரு திறத்தார். நோயின் முதலை நாடி, அது தணியும் வாயிலைத் தேடுபவர் மற்றொரு திறத்தார். மருந்து என்னும் அதிகாரம் வகுத்த வள்ளுவர் பெரிதும் வேண்டியது இவ்விரண்டாம் திறத்தாரையே என்பது தமிழ் கற்பார் அறிந்ததே. அத்திறத்தாருள் ஒருவராய், மார்புப் புற்றுநோய்க்குப் புதியதொரு வழி கண்ட ஸர் ஜார்ஜ் தாமஸ் பீட்ஸன் என்பாரின் சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம். இலக்கிய மாணவராகிய யாம் வைத்திய சாஸ்திரத்தினுள் நுழைதல் துணிவுடைய செயலே. ஆயினும் அன்னார் வாழ்க்கை எக்கலை பயில்வார்க்கும் உரியதோர் பாடம் உடைத்தாகலின், அறிஞர் பொறுத்தருள்வாராக.

பீட்ஸன் 1848-ஆம் ஆண்டு மே மாதம் 27-ஆம் நாள் இலங்கைத் தீவின் திருகோணமலையிற் பிறந்தார். தந்தையார் ஆங்கிலப் படையில் மருத்துவராய் இருந்தமையின், கோணேசர் கோயில் கொண்ட அத்துறைமுகம் இம்மைந்தர்க்குப் பிறப்பிடமாயிற்று. மான் தீவின் அரசர் வில்லியம் கல்லூரியிலும், பின்னர்க் கேம்பிரிட்ஜிலும் பயின்று, எடின்பர்க் சர்வகலாசாலையில் வைத்தியக் கல்வியை மேற்கொண்டு 1874-இல் பட்டம் பெற்றார். ஆண்டுக் காயங்களில் நச்சுக் கிருமி சேராவண்ணம் காக்கும் முறையை உலகிற்கு அளித்த லிஸ்டர் பெருமானிடம் உதவி மருத்துவராய்ப் பணிபுரியும் பேறும் அவர்க்கு வாய்த்தது.

பின்னர் 1876-இல், மனநலங் குன்றிய ஒருவரைப் பேணும் பொருட்டு ஸ்காத்லாந்தின் மேற்குப் பகுதியில் தங்கினார். அங்குக் கிடைத்த ஓய்வை வீணாக்காது, பால் சுரத்தல் என்னும் பொருள்பற்றி எம்.டி. பட்டத்திற்கு ஆராய்ச்சியுரை வரையத் தொடங்கினார். அருகே ஆட்டுப் பண்ணைகள் பல இருந்தன. சில நாடுகளில் கன்று ஈன்ற பசுவின் சூலகத்தை நீக்கிவிடின் அது நெடுநாள் பால் சுரக்கும் என உழவர் அறிந்திருந்த செய்தியும் அவர் செவிக்கு எட்டியது. மார்பு ஓரிடத்தது; சூலகம் மற்றோரிடத்தது; இரண்டையும் நேரே பிணிக்கும் நரம்பும் காணப்படவில்லை. எனினும் ஒன்று மற்றொன்றை ஆள்கின்றது. இஃது எவ்வாறு என்னும் வினா அவர் உள்ளத்தில் வேரூன்றிற்று. பால் சுரக்குங்கால் மார்பின் உயிரணுக்கள் பெருகுதலையும், புற்றுநோயில் அவை பெருகுதலையும் ஒப்புநோக்கி, சூலகமே புற்றையும் தூண்டுகின்றது போலும் என ஐயுற்றார்.

அவ்வையம் ஏறத்தாழ இருபதாண்டு அவருள்ளத்தே உறங்கிற்று. அதற்கிடையில் கிளாஸ்கோ மாநகரில் ரண வைத்தியராய்ப் புகழெய்தி, 1890-இல் ஆண்டுத் தோன்றிய புற்றுநோய் மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பையும் ஏற்றார். 1895-இல் முப்பத்துமூன்று வயதுடைய மாதொருவர் அவரிடம் வந்தார். அவர் இரு மக்களின் தாய். முன்னரே மார்பு அறுத்து நீக்கப்பட்டும், நோய் அவ்விடத்தே மீண்டும் பரந்திருந்தது. கத்திக்கு எட்டாத நிலை அது. பீட்ஸன் அம்மாதினிடமும் கணவரிடமும் ஒன்றையும் ஒளிக்கவில்லை. வழக்கமான அறுவை பயன்தராது என்பதையும், தாம் செய்யக் கருதுவது வெறுஞ் சோதனையே என்பதையும் வெளிப்பட உரைத்தார். தம் நிலையை நன்குணர்ந்த அம்மாது உடன்பட்டார். அவ்வாண்டு ஜூன் மாதம் 15-ஆம் நாள் அவருடைய சூலகங்கள் இரண்டும் நீக்கப்பட்டன. தைராய்டு மாத்திரைகளும் அளிக்கப்பட்டன. எட்டுத் திங்களில் புற்றின் சுவடு மறைந்தது!

இவ்வெற்றியை 1896-இல் லான்செட் என்னும் வைத்திய இதழில் வெளியிட்டார். இவர்க்கு முன்னரே 1889-இல் ஷின்ஸிங்கர் என்னும் ஜெர்மானிய மருத்துவர் இத்தகைய யோசனை கூறியதுண்டு; ஆயினும் செய்து காட்டியவர் பீட்ஸனே. ஆனால் இன்பம் நிலைக்கவில்லை. ஏறத்தாழ நான்காண்டு கழித்து நோய் திரும்ப, அம்மாது உயிர் நீத்தார். பிறரும் இம்முறையைக் கையாண்டனர். 1900-இல் லண்டன் மருத்துவர் ஸ்டான்லி பாய்டு ஐம்பத்து நான்கு பேரின் வரலாறுகளைத் தொகுத்து நோக்கினார். மூன்றில் ஒரு பங்கினரே பயனுற்றனர் எனத் தெரிந்தது. எஞ்சிய இரு பங்கினர் சூலகத்தை இழந்தும் நோயினின்று நீங்கிலர். யார் பயனுறுவர், யார் வீணே துன்புறுவர் என்று முன்னறிய ஓர் அடையாளம் இல்லை. ஈதன்றோ அம்முறையின் பெருங்குறை! எம்மை நெடுநேரம் சிந்திக்கச் செய்ததும் இதுவே.

அவ்வடையாளம் பீட்ஸனார் காலத்திற்குப் பின்னரே கிட்டியது. சூலகம் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் குருதி வழியே சென்று மார்பை ஆள்கின்றது என்பது தெளிவாயிற்று. 1950-களின் இறுதியில் சிகாகோ சர்வகலாசாலையில் எல்வுட் ஜென்ஸன் என்பார், கதிர் வீசும் ஹைட்ரஜனைச் சேர்த்த ஹார்மோனைச் செலுத்தி அது சென்று தங்குமிடத்தை ஆராய்ந்தார். சில உறுப்புக்களின் அணுக்களில் ஒரு புரதம் இருந்து, பூட்டுத் திறவுகோலை ஏற்பதுபோல் அதனைப் பற்றிக்கொள்கின்றது எனக் கண்டார். அப்புரதத்திற்கு ஏற்பி என்று பெயர். புற்றில் அஃது உண்டாயின் அந்நோய் ஹார்மோனுக்கு அடங்கும். இன்றாயின் பெரும்பாலும் அடங்காது. மார்புப் புற்றுக்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு எழுபதில் இவ்வேற்பி காணப்படுகின்றது. இன்று நோயுற்ற தசையிற் சிறிது எடுத்துச் சாயமூட்டி, இவ்வேற்பியையும், புரோஜெஸ்டிரோன் ஏற்பியையும், ஹெர்-2 என்னும் வேறொரு புரதத்தையும் நோக்கிய பின்னரே மருந்து வகுக்கின்றனர். 1970-களில் வழக்கிற்கு வந்த டமாக்ஸிஃபன் என்னும் மாத்திரை அப்பூட்டினுள் தான் புகுந்து ஹார்மோனைத் தடுப்பது. பீட்ஸன் கத்தியால் முயன்றதனை இன்று பலர்க்கு மாத்திரையும் ஊசியும் ஆற்றுகின்றன.

பீட்ஸனார் புகழ் இவ்வொன்றாலே அமைந்ததன்று. வழியில் அடிபட்டார்க்கு முதலுதவி செய்யும் ஆம்புலன்ஸ் சங்கத்திலும், ஸ்காத்லாந்தின் செஞ்சிலுவைச் சங்கத்திலும் பெரும்பணி ஆற்றினார். அரசர் ஸர் பட்டம் அளித்துச் சிறப்பித்தார். மணவாழ்க்கை மேற்கொள்ளாது நோயாளர் பணியிலேயே முதுமை எய்தி, 1933-இல் தம் எண்பத்து நான்காம் அகவையில் உலகு நீத்தார். கிளாஸ்கோவிலுள்ள புற்றுநோய் மருத்துவ நிலையம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

அன்பர்காள்! ஆட்டுப் பண்ணையில் தோன்றிய ஐயம் ஒன்று, இன்று எண்ணிறந்த தாய்மாரைத் தம் மக்களோடு வாழச் செய்கின்றது. தாம் கண்டதன் காரணத்தை முழுதும் அறியாதபோதும், கண்டதைக் கண்டவாறே உரைத்து, அறியாததனை அறிந்ததாகக் காட்டாது விட்டமையாலன்றோ பின்வந்தோர் அவ்விடத்தினின்று மேற்செல்ல இயன்றது! முதல்முதல் உடன்பட்ட அப்பெயரறியாத் தாயின் துணிவும் இவ்வரலாற்றிற் செம்பாதி எனவே கருதுகின்றோம். கற்குங்கால் எழும் சிறு வினாவையும் இகழாது போற்றுதலும், உண்மையை மறையாதுரைத்தலும் கல்லூரி மாணவராகிய நம் அனைவர்க்கும் கடனாகுக.