நூல் பின்னி விடுதலை வாங்கித் தந்த அம்மையார்

கொங்கு நாட்டில் நூல் என்றதும் தறிதான் நினைவுக்கு வரும். ஊடும் பாவும் சேர்ந்தால் துணி. ஆனால் தறியே இல்லாமல், வெறும் நூலைக் கொண்டு பூவும் இலையும் பின்னுகிற கலை ஒன்று உண்டு. அதற்கு ரேந்தை என்று பெயர்.

இந்தக் கலையை நாகர்கோவிலில் வேரூன்றச் செய்தவர் ஓர் ஆங்கிலப் பெண்மணி. அவர் பெயர் மார்த்தா மால்ட்.

கடல் கடந்து வந்தார்

மார்த்தா 1794-ல் பிறந்தவர். கணவர் சார்லஸ் மால்ட், லண்டன் மிஷன் சங்கத்துப் பாதிரியார். 1819-ன் இறுதியில் இருவரும் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். கோவையில் 1830-ல் பணி தொடங்கிய ஆடிஸ் பாதிரியாரும் இதே சங்கத்தைச் சேர்ந்தவர்தான்.

நாகர்கோவில் அப்போது திருவிதாங்கூர் அரசில் இருந்தது. பெண் பிள்ளைகள் படிப்பது மிக அபூர்வம். மார்த்தா அம்மையார் பெண்களுக்காக விடுதியோடு பள்ளிக்கூடம் நடத்தினார். எழுத்தும் கணக்கும் மட்டும் போதுமா? பிழைக்க ஒரு கைத்தொழில் வேண்டாமா? 1821-ல் ரேந்தைப் பின்னலையும் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார்.

தடித்த நூலின் வேலை

ரேந்தை எப்படிப் பின்னுவது?

உருண்டையான திண்டு ஒன்று. அதன் மேல் துளையிட்ட தாள். துளைகளில் குண்டூசிகள். சிறு குச்சிகளில் சுற்றிய நூல்களை ஜோடி ஜோடியாக முறுக்கி, குறுக்கே மாற்றிப் போட வேண்டும். பின்னி முடித்து ஊசிகளை எடுத்தாலும் பின்னல் குலையாது.

எல்லா நூலும் மெல்லியதாக இருந்தால் பூ எது, வலை எது என்று தெரியாது. அதனால் இதழின் ஓரமாக ஒரு தடித்த நூலை ஓட்டுவார்கள். அதற்குக் கிம்ப் என்று பெயர். மெல்லிய நூல் ஜோடி பிரிந்து அதற்கு வழி விடும். முன்னும் பின்னும் முறுக்கிக் கொண்டு, அது நகராமல் பிடித்துக்கொள்ளும். ஊசியால் தைக்கும் ரேந்தையில், ஓரக் கயிற்றின் மேல் நெருக்கமாகத் தையல் போடுவார்கள்.

அந்த ஓர நூல்தான் பூவுக்கு உருவம் தருகிறது. கை சற்றுத் தவறினாலும் இதழ் கோணிவிடும். பொறுமை வேண்டும். கண்ணும் கையும் ஒன்றாக ஓட வேண்டும்.

காசு செய்த காரியம்

பள்ளியில் பின்னிய ரேந்தை நல்ல விலைக்குப் போனது. வெள்ளைக்காரக் குடும்பங்கள் விரும்பி வாங்கின. அந்தப் பணத்தில் பிள்ளைகளுக்குக் கூலி கிடைத்தது. பள்ளிச் செலவுக்கும் அது உதவியது. சார்லஸ் மீட் பாதிரியாரின் மனைவி ஜொஹன்னாவும் இத்தொழிலை வளர்த்தார்.

அந்தக் காலத்தில் திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்தது. மனிதரை மனிதர் விலைக்கு வாங்கினார்கள், விற்றார்கள். அடிமைப் பெண்ணின் உழைப்பு எஜமானுக்கே சொந்தம்.

மார்த்தா அம்மையாரிடம் தொழில் கற்ற பெண்களில் சிலர் அப்படிப்பட்ட அடிமைகள். அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பின்னிச் சம்பாதித்த காசைச் சிறுகச் சிறுகச் சேர்த்தார்கள். அதை எஜமானிடம் கட்டினார்கள். தங்களைத் தாங்களே மீட்டுக்கொண்டார்கள்!

திருவிதாங்கூர் அரசு அடிமை முறையை 1855-ல்தான் ஒழித்தது. சட்டம் வருவதற்கு முன்பே இந்தப் பெண்களை அவர்களுடைய கைத்தொழில் விடுவித்துவிட்டது.

உலகம் பார்த்தது

1851-ல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில் நாகர்கோவில் ரேந்தையும் இடம்பெற்றது. நம் ஊர்ப் பெண்களின் கைவேலையைப் பல நாட்டு மக்கள் பார்த்தார்கள்.

சுமார் 35 ஆண்டுகள் உழைத்தபின் மால்ட் தம்பதிகள் தாயகம் திரும்பினார்கள். மார்த்தா அம்மையார் 1870-ல் காலமானார். அவர் போனாலும் தொழில் போகவில்லை. தாய் மகளுக்குச் சொல்லிக் கொடுக்க, பல தலைமுறைப் பெண்களுக்கு அது சோறு போட்டது.

பெண்ணின் கையில் ஒரு தொழில் இருந்தால் அவள் யாருக்கும் அடிமையில்லை. திண்டும் குச்சியும் பிடித்த அந்தப் பெண்களே இதற்குச் சாட்சி.