பூலித்தேவர்: பதற்றத்தில் கைகொடுக்கும் ஆயுதம் எது எனத் தெரிந்த பாளையக்காரர்

தற்காப்புக்கு நம்பகமான ஆயுதம் எது? இன்றைக்கு இந்தக் கேள்வியைக் கேட்டால் பேச்சு உடனே பிஸ்டலா, ரிவால்வரா என்று போய்விடும். சுமார் 270 வருடங்களுக்கு முன்பு, சங்கரன்கோவில் வட்டாரத்தில் ஒரு பாளையக்காரருக்கு இதே கேள்வி வாழ்வா சாவா பிரச்சினையாக இருந்தது. எதிரே நின்றது பீரங்கியும் துப்பாக்கியும் வைத்திருந்த கிழக்கிந்திய கம்பெனிப் படை.

அவர் பெயர் பூலித்தேவர். புலித்தேவர் என்றும் எழுதுவார்கள். 1755-ல் கம்பெனிப் படையைத் தன் கோட்டை வாசலிலிருந்து திருப்பி அனுப்பியவர். அவரிடம் இருந்தவை ஈட்டி, வாள், திரித் துப்பாக்கி, மண் சுவர். இவற்றை வைத்துக்கொண்டு எப்படித் தாக்குப்பிடித்தார்? அவருடைய கதையில் இதுதான் அதிகம் பேசப்படாத பகுதி.

யார் இந்தப் பூலித்தேவர்?

பிறந்தது 1715 செப்டம்பர் 1 என்று கொண்டாடப்படுகிறது. இயற்பெயர் காத்தப்பன். தந்தை சித்திரபுத்திரத் தேவர், தாய் சிவஞான நாச்சியார். ஊர் இன்றைய தென்காசி மாவட்டத்தில் உள்ள நெற்கட்டும்செவல். செவல் என்றால் செம்மண் நிலம். கம்பெனிக்கு நெல் கட்ட மறுத்ததால் இது நெற்கட்டான்செவல் ஆனது என்று ஊர்க்காரர்கள் சொல்வதுண்டு.

பாளையக்காரர் என்றால் அரசர் இல்லை, வெறும் ஜமீன்தாரும் இல்லை. மதுரை நாயக்கர் காலத்தில் உருவான ஏற்பாடு அது. ஒரு பகுதியின் காவலைப் பார்த்துக்கொள்ள வேண்டும், வரி வசூலிக்க வேண்டும், பேரரசுக்குத் தேவைப்படும்போது படை அனுப்ப வேண்டும். நாயக்கர் ஆட்சி முடிந்ததும் மேலே யார் என்பதில் குழப்பம் வந்தது. ஆற்காடு நவாப் முகமது அலி அந்த இடத்துக்கு உரிமை கொண்டாடினார். அவருக்குக் கம்பெனியிடம் கடன். கடனை அடைக்க வரி வேண்டும். அந்த வரியை வசூலிக்கத்தான் கம்பெனிப் படை தெற்கே இறங்கியது.

பூலித்தேவரின் செல்வாக்கு நெற்கட்டும்செவலோடு நிற்கவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்துப் பாளையங்கள் பல அவர் பின்னால் நின்றன. இந்த வட்டாரத்துக்குப் பஞ்சபூதத் தலங்கள் என்று ஐந்து சிவன் கோயில்கள் உண்டு: சங்கரன்கோவில் (நிலம்), கரிவலம்வந்தநல்லூர் (நெருப்பு), தாருகாபுரம் (நீர்), தென்மலை (காற்று), தேவதானம் (ஆகாயம்). இந்த ஐந்து ஊர்களையும் மேப்பில் குறித்துப் பார்த்தால், அவர் எந்த மண்ணைக் காக்க நின்றார் என்பது புரிந்துவிடும்.

எதிரியிடம் என்ன இருந்தது?

கம்பெனிச் சிப்பாய் கையில் இருந்தது தீக்கல் துப்பாக்கி. எடை நாலரைக் கிலோவுக்கு மேல். ஒரு குண்டு சுட எவ்வளவு வேலை தெரியுமா? மருந்துப் பொட்டலத்தைப் பல்லால் கிழிக்கணும். கொஞ்சம் மருந்தைக் கிண்ணியில் போட்டு மூடணும். மிச்சத்தையும் குண்டையும் குழாய் வழியாகப் போடணும். கம்பியால் கெட்டிக்கணும். பிறகு சுத்தியலை இழுத்து, குறி பார்த்து, குதிரையை அழுத்தணும். நன்றாகப் பழகிய ஆள் நிமிடத்துக்கு மூன்று முறை சுடலாம்.

இத்தனையும் செய்த பிறகும் அது வெடிக்கும் என்று நிச்சயம் இல்லை. கல் தேய்ந்திருந்தால் பொறி வராது. மருந்து நனைந்திருந்தால் அவ்வளவுதான். வெடித்தாலும் நூறு கெஜத்துக்கு அப்பால் ஓர் ஆளைக் குறிபார்த்து அடிப்பது கடினம். வரிசையாக நின்று, கட்டளை கேட்டு, எல்லோரும் ஒரே நேரத்தில் சுட்டால்தான் அதற்குப் பலன்.

அப்போது கைத்துப்பாக்கியும் இருந்தது. அதிகாரிகளும் குதிரை வீரர்களும் வைத்திருந்தார்கள். ஒரே குண்டு, மிகக் குறைந்த தூரம். அது போனால் கையில் மிஞ்சுவது ஓர் இரும்புத் துண்டு.

பாளையக்காரர்களிடம் இருந்த திரித் துப்பாக்கி இதையும்விடப் பழையது. எரியும் கயிற்றுத் திரி மருந்தைத் தொட வேண்டும். மழை பெய்தால் திரி அணைந்துவிடும். இரவில் திரியின் கங்கு ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அப்படியானால் எதை நம்புவது?

பாளையப் படையின் முதுகெலும்பு நீண்ட ஈட்டிதான். தெற்கத்திக் கள்ளர் படையினரின் ஈட்டி 18 அடி நீளம் என்று அந்தக் காலத்தின் ஆங்கிலேய வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் எழுதியிருக்கிறார். கத்தி செருகிய துப்பாக்கியின் நீளமோ ஆறரை அடிதான். நேருக்கு நேர் வந்துவிட்டால் யாருடைய முனை முதலில் எட்டும் என்பதற்குக் கணக்குப் போடவே வேண்டாம்.

ஈட்டிக்கு மருந்து வேண்டாம், திரி வேண்டாம். மழையில் நனைந்தாலும் ஈட்டி ஈட்டிதான். எல்லாவற்றுக்கும் மேலாக, நடுங்கும் கையாலும் பிடிக்க முடிந்த ஆயுதம் அது.

இது சின்ன விஷயம் இல்லை. உயிர் பயம் வரும்போது உடம்பு மாறிவிடுகிறது. இதயம் படபடக்கிறது, பார்வை குறுகுகிறது, விரல் நுனியால் செய்யும் நுட்பமான வேலைகள் தடுமாறுகின்றன. தள்ளுவது, இழுப்பது, குத்துவது போன்ற பெரிய அசைவுகள் மட்டும் தப்பிக்கின்றன. இன்று காவல்துறைப் பயிற்சிகளில் சொல்லித்தரும் பாடம் இது.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் இதற்கு ஓர் அதிர்ச்சியான சாட்சி உண்டு. 1863-ல் கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் பொறுக்கப்பட்ட துப்பாக்கிகள் சுமார் 27,500. அவற்றில் ஏறத்தாழ 24,000 துப்பாக்கிகள் சுடப்படாமல் குண்டு நிரப்பியபடியே கிடந்தன. அவற்றில் பாதியில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு குண்டுகள் இருந்ததாகக் கணக்கு. பயிற்சி பெற்ற வீரர்கள்தான் அவர்கள். பதற்றத்தில், சுட்டோமா இல்லையா என்றே தெரியாமல் திரும்பத் திரும்பக் கெட்டித்திருக்கிறார்கள்.

மண் சுவர் செய்த வேலை

1755-ல் கர்னல் அலெக்சாண்டர் ஹெரான் தலைமையில் கம்பெனிப் படை தெற்கே வந்தது. கூடவே நவாபின் அண்ணன் மாபூஸ்கான். மதுரை பணிந்தது. திருநெல்வேலி பணிந்தது. பாளையங்கள் சில பணம் கட்டின, சில பிணை கொடுத்தன. அடுத்து நெற்கட்டும்செவல்.

ஹெரானிடம் இருந்த பீரங்கிகளுக்குக் கோட்டைச் சுவரைத் தகர்க்கும் சக்தி இல்லை. கல் சுவரில் குண்டு பட்டால் கல் விரிசல் விடும், உடைந்து சரியும். காய்ந்து இறுகிய களிமண் சுவர் அப்படி இல்லை. குண்டை உள்ளே வாங்கிப் புதைத்துக்கொள்ளும். சுவர் சேதமானாலும் ராத்திரியோடு ராத்திரியாக மண்ணைக் குழைத்துப் பூசிவிடலாம். சுவருக்கு வெளியே அடர்ந்த முள்வேலி. வரிசையாக நின்று சுடும் படைக்கு அதுவே பெரிய தடை.

ஹெரான் 20,000 ரூபாய் கேட்டார். பூலித்தேவர் கொடுக்கவில்லை. கம்பெனி வீரர்களுக்குச் சம்பள பாக்கி, சாப்பாட்டுக்கும் தட்டுப்பாடு. இந்த விவரம் கோட்டைக்குள் தெரிந்திருந்தால் யார் முதலில் களைத்துப்போவார்கள் என்பதும் தெரிந்திருக்கும். கடைசியில் ஹெரான் முற்றுகையைக் கைவிட்டு மதுரைக்குத் திரும்பினார். அங்கிருந்து திருச்சிக்குப் போகிற வழியில் நத்தம் கணவாயில் கள்ளர்கள் அவர் படையைத் தாக்கினார்கள். பிறகு ராணுவ விசாரணையில் ஹெரான் பதவியையும் இழந்தார்.

வென்றதும் தோற்றதும்

இந்த வெற்றியோடு கதை முடிந்துவிடவில்லை. மேற்குப் பாளையங்களை ஒரு கூட்டணியாகத் திரட்டினார் பூலித்தேவர். திருவிதாங்கூர் மன்னருடனும் உறவு வைத்துக்கொண்டார். மதுரையில் இருந்த பட்டாணித் தளபதிகள் முடேமியா, மியானா, நபிகான் கட்டக் மூவரும் அவர் பக்கம். ஆனால் 1756 மார்ச்சில் திருநெல்வேலி அருகே திறந்தவெளியில் நடந்த போரில் முடேமியா கொல்லப்பட்டார். பூலித்தேவர் பின்வாங்கினார். ஈட்டி எங்கே உதவும், எங்கே உதவாது என்பதற்கு அது கசப்பான பாடம். முள்வேலிக்குள்ளும் இருட்டிலும் சரி. வெட்டவெளியில் பீரங்கி முன்னால் நின்றால் வேறு கதை.

அடுத்து வந்தவர் யூசுப்கான். மருதநாயகம் என்றால் பலருக்குத் தெரியும். இந்த மண்ணை அறிந்த கம்பெனித் தளபதி. களக்காட்டைத் தருவதாகச் சொல்லித் திருவிதாங்கூரைத் தன் பக்கம் இழுத்தார். 1759 இறுதியில் வாசுதேவநல்லூர்க் கோட்டையை முற்றுகையிட்டார். கோட்டைக்குள் இருந்தவர்கள் உள்ளிருந்து பாய, நெற்கட்டும்செவலிலிருந்து பூலித்தேவரின் ஆட்கள் வெளியிலிருந்து பாய, அந்த முறை யூசுப்கானால் கோட்டையைப் பிடிக்க முடியவில்லை.

ஆனால் அவர் விடவில்லை. பெரிய பீரங்கிகளோடு திரும்பி வந்தார். 1761 மே மாதம் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் என மூன்று கோட்டைகளும் விழுந்தன. பூலித்தேவர் கடலாடிப் பக்கம் தப்பினார். 1764-ல் யூசுப்கானே தூக்கிலிடப்பட்ட பிறகு, ஊருக்குத் திரும்பி மீண்டும் கோட்டையைப் பலப்படுத்தினார்.

1767-ல் கர்னல் டொனால்ட் காம்ப்பெல் வாசுதேவநல்லூரைத் தாக்கினார். பீரங்கி உடைத்த இடங்களைக் கோட்டைக்குள் இருந்தவர்கள் பனைமரத் துண்டுகளையும் வைக்கோலையும் வைத்து அடைத்தார்கள். அதுவும் குண்டு விழுந்துகொண்டிருக்கும்போதே. எதிரிகளே வியந்து பதிவு செய்த விஷயம் இது. கடைசியில் கோட்டை போனது. உள்ளே இருந்தவர்கள் இரவு மழையைப் பயன்படுத்தி மலைக்குத் தப்பினார்கள். கம்பெனியின் மருந்தை நனைத்த அதே மழை.

முடிவு என்ன ஆனது?

பூலித்தேவரின் கடைசி நாட்கள் பற்றி ஒரே கதை இல்லை. பிடித்துக் கொண்டுபோகும் வழியில், சங்கரன்கோவில் கோயிலில் சாமி கும்பிட அனுமதி கேட்டு உள்ளே போனவர் ஜோதியில் கலந்து மறைந்தார் என்பது மக்கள் நம்பிக்கை. சங்கரநாராயணர் கோயிலில் பூலித்தேவர் அறை என்று ஓர் இடத்தை இன்றும் காட்டுகிறார்கள். தூக்கிலிடப்பட்டார் என்று சொல்பவர்களும் உண்டு.

அவரோடு நின்ற ஒண்டிவீரன், வெண்ணிக்காலாடி இருவரின் பெயரும் இன்றைக்கும் ஊர்ப் பேச்சில் இருக்கிறது. சரிந்த குடலைத் தலைப்பாகைத் துணியால் கட்டிக்கொண்டு வெண்ணிக்காலாடி சண்டை போட்டதாகச் சொல்வார்கள். பாளையங்களை அடக்கியதும் 1801-ல் கம்பெனி செய்த முதல் வேலைகளில் ஒன்று கோட்டைகளை இடிப்பதும் மக்கள் ஆயுதம் வைத்திருக்கத் தடை போடுவதும்தான். 1878-ல் அது ஆயுதச் சட்டமாகவே வந்தது.

இன்றைக்கு இதில் என்ன இருக்கிறது?

இப்போது நடைமுறையில் இருப்பது 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம். துப்பாக்கி வேண்டுமென்றால் மாவட்ட நிர்வாகத்திடம் விண்ணப்பிக்க வேண்டும், போலீஸ் விசாரணை நடக்கும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகள் அதிகபட்சம் இரண்டு. 2016 விதிகளில் பயிற்சிக்கும் இடம் உண்டு. தற்காப்பு உரிமை பற்றிப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் பேசுகின்றன. ஆபத்துக்குத் தேவையான அளவைத் தாண்டிய பலம் தற்காப்பு ஆகாது என்பது அதன் அடிப்படை.

சட்டம் அனுமதித்தாலும் பழைய கேள்வி அப்படியே நிற்கிறது. பெட்டியில் பூட்டி வைத்து, வருடத்துக்கு ஒரு முறை துடைக்கும் துப்பாக்கி, பயம் தொண்டையை அடைக்கும் நொடியில் எடுத்தவர் கைக்கு அடங்குமா? எவ்வளவு விலை கொடுத்து வாங்கினோம் என்பது அந்த நொடியில் கணக்கில் வராது. எவ்வளவு பழகியிருக்கிறோம் என்பதே வரும்.

பூலித்தேவரிடம் எதிரியைவிட நல்ல ஆயுதம் இருக்கவில்லை. தன் ஆட்களின் கைக்குப் பழகியது எது, தன் மண்ணில் பிசகாதது எது என்று மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது. அதை வைத்து 12 வருடங்கள் தாக்குப்பிடித்தார்.