ஜோசப் ரைட் பண்டிதர்

நம்மவர் பிள்ளைகள் சர்வகலாசாலையை அடைந்து ஆங்கில இலக்கியத்தையும் பாஷா நூலையும் சிறப்புப் பாடமாகக் கொள்ளுங்கால், அவர்தம் பெற்றோர் முதற்கண் கேட்பது, இதனாற் கிடைக்கும் உத்தியோகம் யாது என்பதே. பிள்ளைகளின் கவலையோ வேறு. தம் வீட்டிலும் தெருவிலும் வழங்கும் பேச்சைக் கற்றோர் அவையில் எங்ஙனம் மறைத்துக்கொள்வது என்று அவர்கள் உள்ளூர வருந்துகின்றனர். இவ்விரு கவலைகளையும் மனத்துட்கொண்டு, ஆங்கில நாட்டிற் பரம ஏழைக் குடியிற் பிறந்து, ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் ஒப்பியல் மொழிநூற் பேராசிரியராய் விளங்கிய ஜோசப் ரைட் என்பாரின் சரித்திரத்தை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

இவர் 1855-ம் வருஷம் அக்டோபர் மாதம் 31-ந் தேதி, யார்க்ஷயர் மாகாணத்திற் பிராட்போர்டு நகரை அடுத்த ஐடில் என்னும் சிற்றூர்ப் பக்கத்திற் பிறந்தனர். தந்தையார் கம்பளி நெய்தும் கல்லுடைத்தும் பிழைத்தவர். குடும்பத்தை வறுமை விடாது பற்றியிருந்தமையின், ஆறு வயதிலேயே ஜோசப் வேலைக்குப் புறப்பட நேர்ந்தது. விண்ட்ஹில் கல்லுடைப்புக் களத்தில் மழுங்கிய உளிகளைக் கழுதை வண்டியில் ஏற்றிக் கொல்லன் பட்டறைக்குக் கொண்டுபோய்க் கூர் தீட்டி மீட்டுவருதல் அவருக்கு விதித்த தொழில். அடுத்த வருஷம் ஸர் டைட்டஸ் ஸால்ட் என்னும் செல்வர் ஸால்டெய்ரில் நிறுவிய பெரும் ஆலையிற் சேர்ந்து, நூற்பொறிகளில் நிறைந்த பாபின்களைக் கழற்றி வெறும் பாபின்களை மாட்டும் சிறுவருள் ஒருவரானார். பாதி நாள் ஆலையும் பாதி நாள் ஆலைப் பள்ளியுமாகக் கழிந்த அக்காலத்தில் அவர் கற்றது மிகச் சொற்பமே. பின்னர்க் கம்பளியைத் தரம் பிரிக்கும் தொழிலாளியாய் வளர்ந்தார். பதினைந்து வயது நிரம்பியும் ஒரு பத்திரிகையைத் தாமே எடுத்துப் படிக்க அவரால் இயலவில்லை.

1870-ம் வருஷம் பிரான்சு தேசத்திற்கும் பிரஷ்யாவிற்கும் யுத்தம் மூண்டது. உடன் வேலை செய்வோர் உணவு வேளையிற் செய்தித்தாளை உரக்கப் படிப்பர்; ஜோசப் கேட்டுக்கொண்டிருப்பார். பிறர் வாயை எதிர்பார்த்தே யுத்தச் செய்தி அறியவேண்டியிருப்பது அவருக்குப் பெரும் நாணத்தை விளைத்தது. கிறிஸ்து வேதப் புத்தகத்தையும், ஜான் பனியன் இயற்றிய மோட்சப் பிரயாண நூலையும் துணையாகக் கொண்டு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கினார். அதன்பின் அவரைத் தடுப்பார் இல்லை. இராப் பாடசாலைக்குச் சென்று பிரெஞ்சு, ஜெர்மன், இலத்தீன் ஆகிய பாஷைகளையும், கணிதத்தையும், சுருக்கெழுத்தையும் பயின்றார். பதினெட்டாம் வயதில் தம் தாயாரின் சிறு குடிலிலேயே ஓர் இராப் பள்ளி தொடங்கி, உடனுழைக்கும் தோழரிடம் வாரத்திற்கு 2 பென்னி பெற்றுக்கொண்டு பாடஞ்சொல்லி வந்தார். தாம் அரைகுறையாய்க் கற்றதைப் பிறர்க்கு உரைக்கப் புகுந்தபோதே அஃது அவருக்கு முழுமை பெற்றது போலும்.

1876-ம் வருஷம் ஆலை சில காலம் மூடப்பட்டது. அது வரையிற் சேர்த்துவைத்த 40 பவுன் அவரிடம் இருந்தது. அதனைக் கொண்டு ஜெர்மனி தேசத்து ஹைடல்பர்க் சர்வகலாசாலையில் ஒரு பருவமேனும் கற்கவேண்டுமெனப் புறப்பட்டு, கடல் கடந்து ஆண்ட்வர்ப் துறையில் இறங்கினார். வண்டிச் சத்தத்தை மிச்சம் பிடிக்கவேண்டி, அங்கிருந்து ஹைடல்பர்க் வரை 200 மைலுக்கு மேற்பட்ட வழியைக் கால்நடையாகவே கடந்தார். ஊர் திரும்பியபின் பாடசாலைகளில் ஆசிரியராய் அமர்ந்து, லீட்ஸ் நகரத்து யார்க்ஷயர் கலாசாலையிலும் கற்று, லண்டன் சர்வகலாசாலைப் பிரவேசப் பரீட்சையிலும் தேறினார். 1882-ல் மீண்டும் ஹைடல்பர்க் சென்று, ஓஸ்ட்ஹாஃப் என்னும் மொழிநூற் பேராசிரியரை அடுத்தார். மூல ஆரியப் பாஷையின் உயிரொலிகள் கிரேக்கத்தில் எவ்வாறு திரிந்தன என்பது பற்றி ஆராய்ச்சி எழுதி, 1885-ல் டாக்டர் பட்டம் எய்தினார்.

அக்காலத்து ஜெர்மன் பண்டிதரின் கோட்பாட்டைச் சிறிது விளக்குதல் தகும். ஒலிகள் தாறுமாறாய் மாறுவனவல்ல, விதி வழியே மாறுவன என்பது அவர் துணிபு. வடமொழியிற் பிதா என்றும் இலத்தீனிற் பாட்டர் என்றும் பகரத்தில் தொடங்குஞ் சொல் ஆங்கிலத்தில் ஃபாதர் என்றாகின்றது. வடமொழியிற் பாதம் எனப்படுவதற்கு இனமான ஆங்கிலச் சொல் ஃபுட் என்பது. ஒரு சொல்லிற் கண்ட மாற்றம் இனச்சொற்களிலும் அவ்வாறே காணப்படும். இவ்விதியை ஏட்டுப் பாஷையில் மட்டும் தேடினாற் போதாது, எழுத்தறியாதார் வாய்மொழியிலும் காணலாகும் என்று உணர்ந்தோருள் ரைட் ஒருவர். ஏனெனில் அவ்வாய்மொழி அவருக்குத் தாய்மொழி. இதற்கு ஓர் உதாரணம் உண்டு. கற்ற ஆங்கிலர், நீ என்பதற்கும் நீர் என்பதற்கும் வேற்றுமையின்றி யாவரையும் ஒரே சொல்லால் அழைக்கின்றனர். நீ என்னும் பொருளதாகிய பழஞ்சொல் யார்க்ஷயர் தொழிலாளர் நாவில் அழியாது நின்றது. கொச்சையென்று நகைக்கப்பட்டது உண்மையிற் பழமையே.

1888-ம் வருஷம், நம் நாட்டாரால் நன்கறியப்பட்ட மாக்ஸ் முல்லரின் ஆதரவினால் ஆக்ஸ்போர்டு நகரம் சேர்ந்து, பெண்களின் உயர்தரக் கல்விச் சங்கத்தில் விரிவுரை நிகழ்த்தலானார். காத்திய பாஷை, பழைய ஆங்கிலம், பழைய ஜெர்மன் ஆகியவற்றைக் கற்பித்ததோடு அவற்றிற்கு எளிய பாடநூல்களும் இயற்றினார். 1892-ல் வெளியான நூல்களுள் ஒன்றே எமக்கு மிகவும் வியப்பளிப்பது. அது விண்ட்ஹில் பேச்சின் இலக்கணம். கிரேக்கத்திற்கும் இலத்தீனுக்கும் செய்யும் மரியாதையைக் கல்லுடைப்போர் பேச்சிற்குச் செய்து, அதன் ஒவ்வோர் உயிரொலியையும் பழைய ஆங்கிலத்தோடு ஒப்பிட்டு நிறுவினார். தம் ஊர்ப் பேச்சை அவர் மறைக்கவில்லை; உலகறிய அச்சேற்றினார்.

இதனினும் பெரிய காரியம் பின்வந்தது. ஸ்கீட் என்னும் பேராசிரியர் 1873-ல் நிறுவிய ஆங்கிலப் பிராந்திய பாஷைச் சங்கத்தார் நாடெங்கும் அன்பர்கள் வாயிலாகச் சொற்களைத் திரட்டி வந்தனர். அத்திரளனைத்தையும் ரைட்டிடம் ஒப்புவித்தனர். சொற்குறிப்புச் சீட்டுகளின் எடை மட்டும் ஏறத்தாழ ஒரு டன் இருக்கும் என்பர். இதனை அச்சிட்டாற் கட்டுப்படியாகுமா என்று பதிப்பாளர் அஞ்சினர். ரைட் தயங்காது கையொப்பக்காரரைச் சேர்த்து, நட்டம் வரினும் தம்மையே சாருமென்று துணிந்து, தாமே வெளியிட முற்பட்டார். அரசாங்கத்தாரும் ஆண்டுக்கு 200 பவுன் உதவிச் சம்பளம் அளித்தனர். 1898 முதல் 1905 வரை ஆறு பெருந்தொகுதிகளாக ஆங்கிலப் பிராந்திய பாஷை அகராதி நிறைவேறிற்று. உழவரும் இடையரும் நெசவாளரும் இரு நூறாண்டுகளாக வழங்கிய சொற்கள் அதிற் பொருளோடும் இடத்தோடும் பதிவாயின.

1896-ல் தம் மாணவியாகிய எலிசபெத் மேரி லீ என்பாரை மணந்தார். அவ்வம்மையாரும் சிறந்த மொழிநூலார். அகராதியில் துணைநின்று, பழைய ஆங்கில இலக்கணத்தைக் கணவரோடு கூடி எழுதி, அவர் மறைந்த பின் 1932-ல் அவர் சரித்திரத்தையும் வெளியிட்டார். இவர்கட்குப் பிறந்த மக்கள் இருவரும் இளமையிலேயே இறந்தனர். அத்துயரினிடையேயும் வேலை நிற்கவில்லை.

1901-ல் மாக்ஸ் முல்லர் வகித்த ஒப்பியல் மொழிநூற் பீடம் ரைட்டை அடைந்தது. 1925 வரை அதில் அமர்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மாணவரைத் தம் வீட்டிற்கு அழைத்து யார்க்ஷயர் முறையில் வயிறார விருந்தளிப்பார். தம் நாய் ஜாக்கினிடம் அத்திமரத்தைக் குறிக்கும் காத்தியச் சொல்லை உச்சரிப்பார்; உடனே அது நாவால் வாயை நக்கிக்கொள்ளும்! அங்ஙனம் அவரிடம் கற்றவருள் ஒருவர் டோல்கீன். பள்ளிப் பருவத்தில் இவரது காத்தியப் பாடநூலைத் தோழன் ஒருவனிடம் விலைக்கு வாங்கி அதில் மயங்கியவர் அவர். பின்னர்த் தாமும் ஆக்ஸ்போர்டுப் பேராசிரியராகிக் கதையுலகில் அழியாப் புகழ் பெற்றார்.

குறையொன்றும் சொல்லவேண்டும். பெண்கள் சர்வகலாசாலைக் கல்வி பெறுதல் தகுமென்று உழைத்த இவரே, அதன் நிர்வாகத்தில் அவர்கட்கு வாக்குரிமை ஆகாதென்று கருதினார். மனைவியாரின் புலமையைத் தினந்தோறும் கண்டவர் இவ்வாறு எண்ணியது எமக்கு விளங்கவில்லை.

தாயார் ஆக்ஸ்போர்டு வந்தபோது நடந்ததாக ஒரு செய்தி வழங்குகின்றது. மகன் காட்டிய ஆல் ஸோல்ஸ் கலாசாலையின் மாபெருங் கட்டடத்தை நின்று பார்த்த கிழவியார், இது கூட்டுறவுப் பண்டகசாலைக்கு நேர்த்தியாய் உதவுமென்று யார்க்ஷயர் பேச்சிலேயே கூறினராம். மகனார் அதனைக் கேட்டு நாணினரல்லர்.

தம் இல்லத்திற்குப் பிறந்த பக்கத்து ஊராகிய தாக்லியின் பெயரையே சூட்டியிருந்தார். அவ்வில்லத்தில் 1930-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 27-ந் தேதி, மார்ச்சளிக் காய்ச்சலால் உயிர் நீத்தார். அவர் வாயினின்று இறுதியாக வெளிவந்த சொல், அகராதி என்பதாம்.