ஏ. கே. செட்டியார்

ஏ. கே. செட்டியார் (நவம்பர் 1911 - செப்டம்பர் 10, 1983) தமிழ்ப் பயண எழுத்தாளரும் இதழாசிரியரும் ஆவார். மகாத்மா காந்தியைப் பற்றிய முழுநீள ஆவணப்படத்தை 1940 ஆம் ஆண்டில் உருவாக்கியவர் என்பதால் இந்தியத் திரைப்பட வரலாற்றிலும் இடம்பெறுகிறார். இவரது முழுப்பெயர் அ. கருப்பன் செட்டியார்.

இளமை

இன்றைய சிவகங்கை, புதுக்கோட்டை ஆகிய இரு மாவட்டங்களிலும் பரந்துள்ள செட்டிநாட்டைச் சேர்ந்த கோட்டையூரில் இவர் பிறந்தார். காரைக்குடியை அடுத்துள்ள இவ்வூர் சிவகங்கை மாவட்டத்தில் அமைந்துள்ளது. நகரத்தார் பலர் வணிகத்தின் பொருட்டு பர்மா சென்ற காலத்தில் இவரும் அங்கு சென்றார். ஆனால் வட்டிக்கடையை நாடாமல், இரங்கூனிலிருந்து வெளிவந்த தனவணிகன் என்ற இதழின் ஆசிரியரானார்.

பின்னர் தோக்கியோவிலும் நியூயார்க்கிலும் நிழற்படக் கலையை முறையாகப் பயின்றார். ஜப்பான் பயணத்தைப் பற்றி இவர் எழுதிய நூல் தமிழின் தொடக்ககாலப் பயண நூல்களுள் குறிப்பிடத்தக்கது. உலகம் சுற்றிய தமிழன் என்றே பிற்காலத்தில் அறியப்பட்டார்.

காந்தி ஆவணப்படம்

1937 ஆம் ஆண்டு அக்டோபர் 2 அன்று நியூயார்க்கிலிருந்து அயர்லாந்தின் டப்ளின் நகருக்கு சமாரியா என்னும் கப்பலில் சென்றுகொண்டிருந்தபோது காந்தியைப் பற்றிப் படம் எடுக்கும் எண்ணம் இவருக்குத் தோன்றியது. அன்று காந்தியின் பிறந்தநாள். அப்போது செட்டியாருக்கு 26 வயது நிறைவடையவில்லை. அதற்கு முன் அவர் திரைப்படம் எதையும் இயக்கியதில்லை. படப்பிடிப்பு நிலையம் எதுவும் அவருக்குப் பின்னணியாக இல்லை. காந்தியோ திரைப்படத்தை விரும்பாதவர். 1927 இல் அரசு அமைத்த திரைப்பட விசாரணைக் குழு அனுப்பிய வினாக்களுக்கு, திரைப்படத்தால் தீமையே விளைகிறது என்னும் கருத்துப்பட விடையளித்திருந்தார்.

காந்தியின் வாழ்க்கையில் பெரும்பகுதி அதற்குள் கடந்துவிட்டிருந்தது. தென்னாப்பிரிக்கப் போராட்டத்தையோ 1930 ஆம் ஆண்டின் தண்டி யாத்திரையையோ மீண்டும் படம் பிடிக்க இயலாது. ஆகவே புதிதாகப் படமெடுப்பதைவிட, முன்பே எடுக்கப்பட்டுப் பல நாடுகளில் சிதறிக் கிடந்த படச்சுருள்களைத் தேடித் திரட்டுவதே முதன்மையான பணியாயிற்று. தண்டி யாத்திரையைக் காட்டிய செய்திப் படங்கள் பிரித்தானிய ஆட்சியில் தடைசெய்யப்பட்டிருந்தமையால், இந்தியாவில் தேடினால் மட்டும் போதவில்லை. ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகளில் நான்கு கண்டங்களில் ஒரு லட்சம் மைல்கள் வரை பயணம் செய்தார். முப்பது ஆண்டுக் காலத்தில் சுமார் நூறு ஒளிப்பதிவாளர்கள் எடுத்திருந்த 50,000 அடி நீளமுள்ள படச்சுருள்கள் இவ்வாறு சேர்ந்தன. அவற்றிலிருந்து 12,000 அடி நீளமுள்ள படம் தொகுக்கப்பட்டது. இவ்வளவையும் செய்துமுடிக்க ஒரு நிறுவனத்தின் வலிமை வேண்டும் என்றே எவரும் கருதுவர்.

ஆவணப்பட முன்னோடிகளுள் ஒருவரான பி. வி. பதி இப்பணியில் துணைபுரிந்தார். ராட்டையைப் பற்றிய பாடலை டி. கே. பட்டம்மாள் பாடினார். தமிழ் விளக்கவுரையுடன் படம் 1940 ஆகஸ்ட் 23 அன்று சென்னை ராக்சி திரையரங்கில் வெளியிடப்பட்டது. தெலுங்கு விளக்கவுரையுடனும் வெளிவந்தது.

வெளியான வேளை சாதகமானதன்று. இரண்டாம் உலகப் போர் தொடங்கிவிட்டிருந்தது. 1939 இன் இறுதியில் காங்கிரசு அமைச்சரவைகளும் பதவி விலகியிருந்தன. அரசு படத்தைக் கைப்பற்றிவிடக்கூடும் என்ற அச்சத்தால் படச்சுருள்கள் மறைத்துவைக்கப்பட்டன. விடுதலைக்கு முந்தைய நாளான 1947 ஆகஸ்ட் 14 அன்று இந்தி விளக்கவுரையுடன் தில்லியில் படம் திரையிடப்பட்டது. 1953 இல் ஆலிவுட்டில் ஆங்கில வடிவம் ஒன்றும் உருவாக்கப்பட்டது.

குமரி மலர்

1943 இல் குமரி மலர் என்ற இதழைத் தொடங்கி இறுதிவரை நடத்தினார். பழைய இதழ்களிலும் நூல்களிலும் மறைந்துகிடந்த கட்டுரைகளைத் தேடி அதில் மறுபதிப்புச் செய்தார். படச்சுருள்களைத் தேடியலைந்த அதே இயல்பை இங்கும் காணலாம். தம்மைப் பற்றி மிகக் குறைவாகவே எழுதியவர் இவர். எனினும் படம் உருவான வரலாற்றை எழுதிவைத்தார், அக்கட்டுரைகளை ஆ. இரா. வேங்கடாசலபதி தொகுத்து, அண்ணல் அடிச்சுவட்டில் என்னும் நூலாக 2003 இல் வெளிவந்தது.

படத்தின் பிற்கால நிலை

செட்டியாரின் தமிழ்ப் படம் பிற்காலத்தில் கிடைக்காமற்போயிற்று. நெடுங்காலத்திற்குப் பின் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் வேங்கடாசலபதி கண்டறிந்தது 1953 ஆம் ஆண்டின் ஆங்கில வடிவத்தின் சுருக்கப்பட்ட படியே ஆகும்.